கடைக் கம்ப்யூட்டருக்கும் ஒரு மாற்றுச் சாவி வேண்டும்

கடைப் பூட்டுக்குச் சாவி இரண்டு வைத்திருப்பது நம் வணிகர்களின் பழைய வழக்கம். ஒன்று இடுப்பில் இருக்கும். மற்றொன்று வீட்டுப் பீரோவில் இருக்கும். இடுப்புச் சாவி தொலைந்தாலும் அன்றைய வியாபாரம் நின்றுவிடக் கூடாது என்பதுதான் காரணம். கல்லாவுக்கும், கிட்டங்கிக்கும், இரும்புப் பெட்டிக்கும் இவ்விதம் மாற்றுச் சாவி வைத்திருக்கிற நாம், மொத்தக் கணக்கையும் உள்ளே வைத்திருக்கிற கம்ப்யூட்டருக்கு மட்டும் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை.

அதனால் நாம் பட்ட பாட்டையும், பின்பு கற்றுக்கொண்டதையும் வணிகப் பெருமக்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. பள்ளிக்கூடப் படிப்போடு தராசைப் பிடித்தவர்கள் நாம். ஆகவே நமக்குப் புரிந்தது எவருக்கும் புரியும்.

தீபாவளிக்கு முன் நேர்ந்தது

விருதுநகரில் பருப்பு, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு கைப் பேரேட்டை மூடிவிட்டு, எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டரில் டாலியில் ஏற்றத் தொடங்கினோம். 2023ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டால், கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்து அப்படியே நின்றுவிட்டது.

வழக்கமாகப் பழுது பார்க்க வரும் பையனை வரவழைத்தோம். "விண்டோஸ் போயிருச்சு அண்ணாச்சி, புதுசாப் போட்டாச் சரியாயிரும்" என்றார். "சீக்கிரம் போடு தம்பி, லாரி நிக்குது" என்றோம். இரண்டு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. ஆனால் உள்ளே டாலியும் இல்லை, கணக்கும் இல்லை. டிஸ்க் முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் புது விண்டோஸைப் போட்டிருக்கிறார். "நீங்க கணக்க எடுத்து வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றார். அவர் எடுத்து வைத்துவிட்டுத்தான் போடுவார் என்று நாம் நினைத்திருந்தோம். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் கணக்கு போய்ச் சேர்ந்தது.

கடைசியாக நகல் எடுத்தது ஆடி மாதத்தில். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி பாதி என்று பண்டிகைச் சரக்கெல்லாம் கடனுக்குப் போன காலம் முழுவதும் காணாமற்போனது. ஜி.எஸ்.டி. தளத்தில் செப்டம்பர் வரை ஏற்றியிருந்த விற்பனை விவரம் ஓரளவு கைகொடுத்தது. ஆனால் அது விற்ற கணக்கைச் சொல்லுமே தவிர, வசூலான கணக்கைச் சொல்லாது. யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பது நம் மண்டிக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது.

வேறு வழியின்றி, நம்மிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பினோம். மறுநாளிலிருந்து பில்களைக் கம்பியில் குத்தியபடியே எடுத்துக்கொண்டு வந்தார்கள். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கடைக்காரர் ஒருவர், நம்மைவிட மூத்தவர், ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். "பில்ல எலி கடிச்சிருச்சு அண்ணாச்சி. நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன். பதினெட்டாயிரத்து நானூறு நான் தரணும்" என்றார். அவர் வாய் திறந்திராவிட்டால் அந்தத் தொகை நமக்குத் தெரியவே வழியில்லை.

எல்லாரும் அவரைப்போல் இருந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் பேசாமலே இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. நம் கவனக்குறைவுதானே அவர்களை அந்தச் சோதனையில் நிறுத்தியது? அக்டோபர் மாதக் கணக்கை ஆறு நாள் பிந்தித் தாக்கல் செய்து, ஜி.எஸ்.டி.ஆர். 3பிக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணமும், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டியும் கட்டினோம். அந்தப் பணம் பெரிதில்லை. முப்பது ஆண்டு வாடிக்கையாளரிடம் போய், "நீங்கள் எனக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்க நேர்ந்ததுதான் பெரிது.

கிட்டங்கி வேறு, காவலாளி வேறு

பிறகுதான் விவரம் தெரிந்தது. அன்று கெட்டுப்போனது விண்டோஸ் மட்டுமே. கணக்கு இருந்த டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. டிஸ்க் என்பது கிட்டங்கி. விண்டோஸ் என்பது அதைத் திறந்து சரக்கை எடுத்துக் கொடுக்கும் காவலாளி. காவலாளி காய்ச்சலில் படுத்துவிட்டால் உள்ளே இருக்கும் மூட்டைகள் கெட்டுப் போவதில்லை. வேறோர் ஆளைக் கூப்பிட்டுக் கிட்டங்கியைத் திறந்து, மூட்டைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றியிருக்கலாம். நாமோ புதுக் காவலாளி வருகிறார் என்று கிட்டங்கியையே காலி செய்து கழுவிவிட்டோம்.

அந்த வேறோர் ஆள்தான் 'பூட்டபிள் பென் டிரைவ்' என்பது. பெயரில் பூட்டு என்று கேட்டாலும் இது திறக்கிற சாவி. கம்ப்யூட்டரை இயக்கத் தேவையான முழு ஆபரேட்டிங் சிஸ்டமும் இந்தப் பென் டிரைவுக்குள் இருக்கும். டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் எழாவிட்டாலும் இதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பலாம். அதன் பிறகு தேவைப்பட்டால் இதைக்கொண்டே புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் நிறுவலாம்.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் முதலில் விழிப்பது விண்டோஸ் என்று நாம் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. மதர்போர்டிலேயே ஒரு சிறிய நிரல் எழுதப்பட்டிருக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. எந்த இடத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது என்று வரிசையாகத் தேடிப் பார்ப்பது அதன் வேலை. முதலில் பென் டிரைவைப் பார் என்று நாம் சொன்னால், அங்கே பார்க்கும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இணையத்திலிருந்து இறக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே கோப்பாக வரும். அதைச் சாதாரணமாகப் பென் டிரைவில் நகல் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அது வாய் தைத்த மூட்டையைக் கடைவாசலில் போட்டதற்குச் சமம். மூட்டையைப் பிரித்து, பயாஸ் தேடுகிற இடத்தில் அந்தந்தக் கோப்பை அடுக்கிவைக்க வேண்டும். அதைச் செய்யத் தனி நிரல் உண்டு.

செய்யும் முறை

கம்ப்யூட்டர் நல்லபடியாக ஓடும்போதே இதைச் செய்துவைத்துக்கொள்ள வேண்டும். எழாத கம்ப்யூட்டரில் இதைச் செய்ய முடியாது. படிப்படியாகச் சொல்கிறோம்.

முதலாவது, பென் டிரைவ் இரண்டு வாங்குங்கள். சாவியாகச் செய்ய 8 அல்லது 16 ஜி.பி. போதும். கணக்கை எடுத்துவைக்க 32 அல்லது 64 ஜி.பி.யில் இன்னொன்று. தெரிந்த கடையில், பெயர் பெற்ற தயாரிப்பாக வாங்குங்கள். மிகக் குறைந்த விலைக்கு 2,000 ஜி.பி. என்று விற்கப்படுபவை எடை குறைந்த மூட்டை போன்றவை. மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்காது. பாதி எழுதியபின் கோப்புகள் கெட்டுப்போகும்.

இரண்டாவது, ஐ.எஸ்.ஓ. கோப்பைத் தயாரித்தவர்களின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். கணக்கை மீட்கும் வேலைக்கு நாம் வைத்திருப்பது லினக்ஸ் மின்ட். இலவசமானது, சுமார் 3 ஜி.பி. அளவுள்ளது, விண்டோஸ் பழகியவர்களுக்கு அன்னியமாகத் தோன்றாதது. லினக்ஸ் என்றால் பயப்பட வேண்டியதில்லை. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இன்று உலகெங்கும் ஓடுகிறது. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது, இறக்கிய கோப்பில் கலப்படம் இருக்கிறதா என்று சோதியுங்கள். இது வெறும் பயமுறுத்தல் என்று எண்ண வேண்டாம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, இறக்கும் இணைப்பை மாற்றி, வேவு பார்க்கும் நிரல் கலந்த கோப்பைக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஐ.எஸ்.ஓ. கோப்புக்கும் ஷா-256 என்ற 64 எழுத்துக் குறியீட்டைத் தயாரித்தவர்கள் வெளியிடுகிறார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்தக் குறியீடு முற்றிலும் மாறிவிடும். நாம் இறக்கிய கோப்புக்கு அதைக் கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை உண்டு. சரக்கு வந்திறங்கியதும் மறு எடை போடுகிறோம் அல்லவா, அதுதான் இது.

நான்காவது, ரூஃபஸ் என்ற இலவச நிரலைத் திறந்து, பென் டிரைவையும் ஐ.எஸ்.ஓ. கோப்பையும் தேர்ந்தெடுத்து, 'ஸ்டார்ட்' கொடுங்கள். மற்றவற்றை நிரல் தானே தேர்ந்துகொள்ளும். பழைய பயாஸ் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் பார்ட்டிஷன் முறையை எம்.பி.ஆர். என்று வைக்க வேண்டும்; யு.இ.எஃப்.ஐ. கம்ப்யூட்டருக்கு ஜி.பி.டி. பென் டிரைவில் முன்பு இருந்த எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. வேறு பென் டிரைவோ வெளி டிஸ்க்கோ செருகியிருந்தால் முதலில் அவற்றைக் கழற்றிவிடுங்கள். தவறான பெயரைத் தேர்ந்தெடுத்து, கணக்கு இருந்த பென் டிரைவையே அழித்தவர்கள் உண்டு.

விண்டோஸ் 11 நிறுவும் பென் டிரைவ் வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே 'மீடியா கிரியேஷன் டூல்' என்ற நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவைச் செருகினால், கோப்பை இறக்குவது முதல் எழுதுவது வரை அதுவே செய்துவிடும்.

ஐந்தாவது, அன்றைக்கே வெள்ளோட்டம் பாருங்கள். கம்ப்யூட்டரை நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, மறுபடி போடும்போது குறிப்பிட்ட விசையை விடாமல் தட்ட வேண்டும். டெல், லெனோவா கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9 அல்லது எஸ்கேப். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் லினக்ஸ் மின்ட் திரை வந்துவிடும். இது டிஸ்க்கைத் தொடாமல் நினைவகத்திலேயே ஓடுகிறது. திரையில் உள்ள 'இன்ஸ்டால்' படத்தைத் தட்டாதவரை கம்ப்யூட்டரில் எதுவும் மாறாது. பார்த்துவிட்டு நிறுத்தி, பென் டிரைவை எடுத்துவிட்டால் பழையபடி விண்டோஸ் எழும். எந்த விசை வேலை செய்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பென் டிரைவோடு கட்டிவையுங்கள்.

சாவி பயன்பட்ட நாள்

2025 மே மாதம் ஒரு சாயங்காலம் இடியும் மழையுமாக மூன்று முறை மின்சாரம் போய் வந்தது. மறுநாள் காலை அதே கறுப்புத் திரை. இம்முறை யாரையும் அவசரப்படுத்தவில்லை. தம்பி மகனைக் கூப்பிட்டோம். "பதறாதீங்க பெரியப்பா, சாவிதான் இருக்கே" என்றான்.

பென் டிரைவிலிருந்து எழுப்பி, இடது பக்கம் தெரிந்த டிஸ்க்கைத் திறந்தான். டாலியின் டேட்டா ஃபோல்டருக்குள் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் கணக்கு. டேட்டா ஃபோல்டர் முழுவதையும் இரண்டாவது பென் டிரைவுக்கு நகல் எடுத்தோம். டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் கிடந்த விலைப்பட்டியல்கள், கொள்முதல் பில்கள் எல்லாவற்றையும் எடுத்தோம். அதைத் தம்பியின் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து, முந்தின நாள் கடைசி பில் வரை இருப்பதைக் கண்ணால் பார்த்தோம். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம். அதன் பிறகுதான் பழுது பார்க்கும் தம்பியை அழைத்து, "இப்ப துடைச்சுக்கோ" என்றோம். பதினோரு மணிக்கு பில் போட ஆரம்பித்தோம்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. உங்கள் கணக்கு டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இன்றே குறித்து வையுங்கள். டாலியில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே அந்தப் பாதை தெரியும். அடுத்து, விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் பிட்லாக்கர் முறையில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அதற்குரிய 48 இலக்க மீட்பு எண் இல்லாவிட்டால் எந்தப் பென் டிரைவாலும் உள்ளே போக முடியாது. கம்ப்யூட்டரோடு இணைத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவையுங்கள். மூன்றாவதாக, டிஸ்க்கே 'டிக், டிக்' என்று சத்தம் போட்டால் இந்த முறை உதவாது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகவல் மீட்பில் பழக்கமுள்ளவரிடம் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் நகல் எப்போதும் வெளியே இருக்க வேண்டும் என்கிறோம்.

புதிதாக நிறுவும்போது

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே நம் கடைகளில் பலர் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டிய கட்டத்தில் இருக்கிறோம். விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். 2018க்கு முந்திய பிராசசர் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அந்தத் தகுதிப் பட்டியலில் இல்லை.

தகுதியுள்ள கம்ப்யூட்டரில் முறையான விண்டோஸ் 10 இருந்தால் 11க்கு மாறப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதே கம்ப்யூட்டரில் அதே வகை விண்டோஸை மறுபடி நிறுவினால், இணையத்தில் சேர்ந்ததும் உரிமத்தை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று உரிமம் உடைத்த நகலைப் போடச் சம்மதிக்காதீர்கள். உரிமத்தை உடைத்த அதே கை நம் வங்கிக் கடவுச்சொல்லையும் திறக்கலாம்.

தகுதியில்லாத பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறியவும் வேண்டாம். லினக்ஸ் மின்ட் நிறுவினால் ஜி.எஸ்.டி. தளம், மின்னஞ்சல், கடிதம், விலைப்பட்டியல் ஆகிய வேலைகளுக்கு இன்னும் சில ஆண்டு உழைக்கும். ஆனால் டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மின்னணுத் தராசு, பார்கோடு லேபிள் மெஷின் ஆகியவற்றின் நிரல்களும் பெரும்பாலும் அப்படியே. எனவே பில் போடும் கம்ப்யூட்டரை அவசரப்பட்டு லினக்ஸுக்கு மாற்ற வேண்டாம். பென் டிரைவிலிருந்தே சில நாள் ஓட்டிப் பார்த்து, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதை நிறுவினாலும், 'எரேஸ் டிஸ்க்' என்ற சொல் திரையில் வரும் இடத்தில் கையை எடுத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: கணக்கு வெளியே வந்துவிட்டதா, வந்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாயிற்றா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வந்தபிறகே மேலே போக வேண்டும். பழுது பார்க்க வருபவரிடமும் இதை வாயால் சொல்லிவிடுங்கள். அவர் நினைத்துக்கொள்வார் என்று நாம் நினைத்துக்கொள்வது கூடாது.

சட்டமும் சொல்கிறது

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் நாம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்பது அதிகாரி முன் ஒரு பதிலாகாது. வாரம் ஒரு முறை கணக்கை நகல் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். சாவிப் பென் டிரைவை ஆண்டுக்கு இருமுறை புதிதாக எழுதி வெள்ளோட்டம் பாருங்கள். ஆயுத பூஜைக்கும் சித்திரை முதல் நாளுக்கும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் இத்தகைய பென் டிரைவ் இரண்டு தயாராக வைத்து, உறுப்பினர்களின் பிள்ளைகளில் விவரமுள்ள இருவரைப் பழக்கிவைத்தால், சிறிய கடைக்காரர் எவரும் பண்டிகை நேரத்தில் நம்மைப்போல் திகைத்து நிற்க வேண்டியதில்லை. செலவு சில நூறு ரூபாய்தான்.

அந்தச் சாத்தூர்ப் பெரியவர் இன்றும் நம்மிடம்தான் சரக்கெடுக்கிறார். மாதம் ஒரு முறை வரும்போது, "கணக்கெல்லாம் பத்திரமா இருக்கா அண்ணாச்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். இருக்கிறது என்று சொல்ல இப்போது நமக்குத் தயக்கம் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம் வணிக அன்பர்களும் இந்தச் சாவியைச் செய்து பீரோவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.